பிள்ளை அழுதால் வளர்ப்பு கெட்டதா?

“அடக்கத் தெரியாதவர்கள் பிள்ளையை ஏன் வெளியே கூட்டிவருகிறார்கள்?” பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைக் கடைகளிலும், தீபாவளி நெருங்கும்போது கிள்ளான் தெங்கு கிளானா சாலைத் துணிக்கடைகளிலும், கல்யாண மண்டபத்திலும், திரையரங்கிலும், கொமுட்டர் ரயிலிலும் இந்தக் கேள்வி காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. சிலர் முணுமுணுப்பார்கள். சிலர் பெற்றவள் காதில் விழட்டும் என்றே சொல்வார்கள். “என்ன வளர்ப்பு இது” என்று ஒரு பெருமூச்சு விட்டால் தீர்ப்பு முடிந்தது.

இந்தத் தீர்ப்புக்குள் மூன்று நம்பிக்கைகள் இருக்கின்றன. பொது இடத்தில் பிள்ளை போடும் சத்தம் வீட்டு வளர்ப்புக்குச் சான்று என்பது ஒன்று. நல்ல பெற்றோர் கண்ணசைத்தால் பிள்ளை அடங்கும் என்பது இன்னொன்று. அடங்காத பிள்ளையை வீட்டிலேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்பது மூன்றாவது. தாத்தா பாட்டிகள், கல்யாணமாகாத இளையர்கள், ஆசிரியர்கள், கடைக்காரர்கள் என்று நம்மவர்களில் பெரும்பாலோர் இவற்றை நம்புகிறார்கள். மூன்றுமே தவறு என்கிறேன். அவற்றால் எந்தப் பெற்றோரும் திருந்தியதாகத் தெரியவில்லை. அடி வாங்குவது பிள்ளைகள்தான்.

எதை நான் மறுக்கவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். உணவகத்தில் பணியாள் கொதிக்கும் ரசத்தோடு மேசைகளுக்கு நடுவே நடந்து வருகிறார். அவர் காலுக்குக் குறுக்கே ஒரு பையன் ஓடுகிறான். அப்பாவும் அம்மாவும் ஆளுக்கொரு கைப்பேசியில் மூழ்கியிருக்கிறார்கள். இது பெற்றோரின் குற்றமேதான். பேரங்காடி நகரும் படிக்கட்டில் எதிர்த்திசையில் ஏறி விளையாடும் பிள்ளையைத் தடுக்காததும், திரையரங்கில் படம் முடியும்வரை முன் இருக்கையை உதைக்க விடுவதும் அப்படித்தான். கண்ணெதிரே ஆபத்து இருந்தும் எழுந்து போகாத பெற்றோருக்காக நான் ஒரு வார்த்தையும் பேசப்போவதில்லை.

ஆனால் இவர்களைப் பற்றிய கோபத்தை நாம் எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறோம்? அழுகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வியர்த்து விறுவிறுத்து நிற்கும் தாயின் மேல். அவள் பார்க்காமல் விடவில்லை, வேறெதையும் பார்க்க முடியாமல் பிள்ளையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். கவனிக்காத பெற்றோரும் கவனித்தும் அடக்க முடியாத பெற்றோரும் நம் கண்ணுக்கு ஒன்றாகிவிட்டார்கள். முதல் பிழை இதுதான்.

ஒன்றரை வயதிலிருந்து நான்கு வயதுவரை உள்ள பிள்ளை தரையில் விழுந்து புரண்டு அழுவது உலகம் முழுக்க நடப்பது. ஆசையும் கோபமும் அந்த வயதில் முழு வீச்சில் வந்துவிடுகின்றன. அவற்றைக் கட்டுப்படுத்தும் முன்மூளையோ முதிர்ச்சியடைய இருபது வயதுக்கும் மேலாகிறது. அமெரிக்காவில் மைக்கேல் பொட்டேகல் குழுவினர் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், சிறு பிள்ளைகளின் இத்தகைய ஆர்ப்பாட்டங்களில் முக்கால்வாசி ஐந்து நிமிடத்துக்குள் ஓய்ந்துவிடுவதைக் கண்டார்கள். ஐந்து நிமிடம் என்றால் கூட்டமான நேரத்தில் நாம் சொன்ன தே தாரிக் மேசைக்கு வந்து சேரும் நேரம். அந்த நேரத்துக்குள் ஒரு குடும்பத்தின் வளர்ப்பு, பண்பு, பரம்பரை எல்லாவற்றையும் எடைபோட்டுவிடுகிறோம்.

பார்வையாளர் தீர்ப்பு எவ்வளவு எளிதில் பிசகும் என்பதற்கு ஹாங்காங்கில் 2022 மே மாதம் நடந்தது நல்ல சாட்சி. லாங்ஹாம் பிளேஸ் பேரங்காடியில் ஒரு பொம்மைக் கடை வாசலில் ஆளுயரத் தங்க நிற டெலிடப்பி உருவம் ஒன்று விழுந்து நொறுங்கியது. ஒரு சிறுவன் உதைத்தான் என்று சொல்லப்பட்டது. தந்தை 33,600 ஹாங்காங் டாலர் கட்டினார். பையனை ஒழுங்காக வளர்க்கவில்லை என்று ஊரே பேசியது. பிறகு காணொளி வெளிவந்தது. பையன் உதைக்கவே இல்லை. பின்புறமாகச் சற்றுச் சாய்ந்திருக்கிறான், உருவம் கவிழ்ந்துவிட்டது. கடை மன்னிப்புக் கேட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. பிள்ளைகள் போகவர இருக்கும் வழியில், தொட்டால் விழும்படி அதை நிறுத்தியது யார் பொறுப்பு என்ற கேள்வி அதுவரை பெரிதாக எழவில்லை. தந்தை பணம் கட்டியதில் தவறில்லை. உடைந்தால் பெற்றவர் முன்வந்து நிற்பது முறைதான். தவறு, காணொளிக்கு முன்பே வளர்ப்பைப் பற்றித் தீர்ப்பு எழுதிவிட்டதில்.

நம் நாட்டுச் சட்டம்கூட இவ்வளவு அவசரப்படுவதில்லை. 2001-ஆம் ஆண்டுச் சிறார் சட்டம் பெற்றோரிடம் மிகக் கண்டிப்பானது. பிள்ளையைத் துன்புறுத்தினாலோ புறக்கணித்தாலோ 31-ஆம் பிரிவு பாயும். 2016 திருத்தத்துக்குப் பிறகு அதற்கு 50,000 ரிங்கிட் வரை அபராதம், 20 ஆண்டுவரை சிறை. நியாயமான மேற்பார்வை இல்லாமல் பிள்ளையை விட்டுச் செல்வது 33-ஆம் பிரிவின்கீழ் குற்றம். இவ்வளவு கடுமையான சட்டமும் பெற்றோரிடம் கேட்பது கவனிப்பையும் மேற்பார்வையையும்தான். பிள்ளை சத்தமே போடாதிருக்க வேண்டும் என்று அது எங்கும் கேட்கவில்லை. தண்டனைச் சட்டத்தின் 82-ஆம் பிரிவோ பத்து வயதுக்குட்பட்ட பிள்ளையின் செயல் எதுவுமே குற்றமாகாது என்கிறது. நீதிபதிக்கே இல்லாத அதிகாரத்தைப் பக்கத்து மேசைக்காரர் கையிலெடுத்துக்கொள்கிறார்.

இந்த இடத்தில் மூத்தவர்கள் குறுக்கிடுவார்கள். “எங்கள் காலத்தில் அப்பா முறைத்தாலே ஒடுங்கிவிடுவோம். இப்போது செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டார்கள்.” இதை அலட்சியமாக ஒதுக்க எனக்கு மனமில்லை, ஏனென்றால் அந்தக் காலத்தை அவர்கள் உண்மையாகவே வாழ்ந்தவர்கள். ஆனால் எங்கே வாழ்ந்தார்கள் என்பதையும் சேர்த்து நினைத்துப் பார்க்கட்டும். தோட்டத்து லயத்தில் வாழ்ந்தார்கள். விடியுமுன் அம்மாவும் அப்பாவும் பால்வெட்டுக்குப் போய்விட்டால் கைக்குழந்தைகள் ஆயாக் கொட்டகையில் இருந்தார்கள். நடக்கத் தெரிந்த பிள்ளைகளுக்கு லயத்து வாசலும் திடலும் கோயில் முற்றமும் ஆற்றங்கரையும் திறந்து கிடந்தன. பசித்தால் எந்த வீட்டிலும் சாப்பிடலாம், தப்புச் செய்தால் எந்தப் பெரியப்பாவும் கண்டிக்கலாம். அந்தப் பிள்ளைகள் கத்தினார்கள், ஓடினார்கள், மரமேறி விழுந்தார்கள். குளிரூட்டிய உணவகத்தில் இரண்டு மணி நேரம் நாற்காலியில் அசையாமல் உட்காரும்படி அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. உட்காரச் சொல்லியிருந்தால் அவர்களும் இதே ஆட்டம்தான் ஆடியிருப்பார்கள்.

அந்தத் தோட்டங்கள் இன்று எங்கே? கிள்ளானைச் சுற்றியும் பூச்சோங்கிலும் சுபாங்கிலும் ரப்பர் மரம் நின்ற இடத்தில் தாமான்களும் தொழிற்பேட்டைகளும் நெடுஞ்சாலைகளும் நிற்கின்றன. அங்கிருந்து வெளியேறிய குடும்பங்களின் பேரப்பிள்ளைகளில் பலர் அடுக்குமாடி வீடுகளில் வளர்கிறார்கள். மக்கள் வீடமைப்புத் திட்டத்தின் ஒரு வீடு சுமார் 700 சதுர அடி. அதற்குள் மூன்று படுக்கையறை, பெரும்பாலும் ஐந்தாறு பேர். நடைபாதையில் பந்து தட்டினால் கீழ்வீட்டார் புகார் செய்வார். கீழே இறங்கினால் கார் நிறுத்துமிடம். பிரிக்பீல்ட்ஸிலும் ரயில்வே குவார்ட்டர்ஸ் வரிசைகள் போய் உயரக் கட்டடங்கள் வந்துவிட்டன. ஓட இடமில்லாமல் ஆறு நாள் அடைபட்ட பிள்ளை ஞாயிற்றுக்கிழமை பேரங்காடிக்குள் நுழைந்ததும், வழவழப்பான அந்த நீண்ட தரையைப் பார்த்து ஓடுகிறது. கிள்ளானிலிருந்து கேஎல் சென்ட்ரலுக்குக் கொமுட்டரில் வர ஏறக்குறைய ஒரு மணி நேரம். அவ்வளவு நேரம் பெரியவர்களின் முழங்கால்களுக்கு நடுவே நசுங்கி வந்த மூன்று வயதுப் பிள்ளை, இறங்கியதும் அமைதியாகக் கைகோத்து நடக்கும் என்று எதிர்பார்ப்பதுதான் விந்தை. இடத்தைப் பறித்தது நகரம். பழி மட்டும் பெற்றோருக்கு.

பழி சுமத்தினால் பெற்றோர் திருந்துவார்கள் என்று வைத்துக்கொள்வோம். உண்மையில் என்ன நடக்கிறது என்று நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு ஞாயிறு மதியம், பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை. பக்கத்து மேசைச் சிறுமிக்கு மூன்று வயது இருக்கும். கையிலிருந்த அப்பளம் உடைந்துவிட்டது. வேறு அப்பளம் வேண்டாம், அதே அப்பளம் முழுதாக வேண்டும் என்று அழுகை. சுற்றியிருந்த மேசைகளிலிருந்து தலைகள் திரும்பின. ஒருவர் நாக்கைச் சொடுக்கினார். தாயின் வலக்கையில் சோறு. இடக்கை மேசைக்கடியில் போனது. சிறுமியின் தொடையை இரண்டு விரலால் பிடித்து முறுக்கினாள். பிள்ளைக்கு மூச்சு ஒரு கணம் நின்றது, வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. உடனே கைப்பேசியை எடுத்து எவர்சில்வர் டம்ளரில் சாய்த்து வைத்தாள். ஏதோ பாட்டுக் காணொளி ஓடியது. கண்ணீர் காயாத கன்னத்தோடு பிள்ளை திரையைப் பார்த்தது, ஊட்டியதை விழுங்கியது. தலைகள் மறுபடி இலைகளுக்குத் திரும்பின. அப்பா இரண்டாம் முறை ரசம் கேட்டார்.

நம் சமூகத்தின் கண்டிப்பு பெற்றுத் தந்த ஒழுக்கம் அவ்வளவுதான், ஒரு கிள்ளும் ஒரு திரையும். அந்த நிமிடத்தில் அந்தத் தாய் பிள்ளையின் தேவையைப் பார்த்துச் செயல்படவில்லை. நம் முகங்களைப் பார்த்துச் செயல்பட்டாள். தனியாக இருந்திருந்தால் ஒருவேளை மடியில் தூக்கி, உடைந்த அப்பளத்துக்காகச் சேர்ந்து வருத்தப்பட்டிருப்பாள். நாம் அந்த வாய்ப்பைத் தரவில்லை.

கிள்ளும் அடியும் பயன் தரும் என்று இன்னமும் வாதிடுபவர்களுக்கு ஒன்று. எலிசபெத் கெர்ஷாஃப், ஆண்ட்ரூ குரோகன்-கேலர் இருவரும் ஐம்பதாண்டுக்கால ஆய்வுகளைத் திரட்டி, ஏறத்தாழ 160,000 பிள்ளைகள் பற்றிய தகவல்களை ஆராய்ந்து 2016-இல் முடிவை வெளியிட்டார்கள். அடி வாங்கிய பிள்ளைகளிடம் முரட்டுத்தனமும் மனநலச் சிக்கலும் பெற்றோருடன் விரிசலும் கூடுதலாகத்தான் காணப்பட்டன. சொல்பேச்சுக் கேட்கும் குணம் வளர்ந்ததாகத் தெரியவில்லை. வீட்டில் பிரம்பை மாட்டிவைத்திருப்பதைப் பெருமையாகச் சொல்பவர்கள் இதைப் படித்துப் பார்க்க வேண்டும். திரையைப் பொறுத்தவரை, உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் கொடுத்த வழிகாட்டி தெளிவானது. இரண்டு வயது ஆகும்வரை திரையே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். அதே கடையில் அன்று நான் பார்த்த மற்ற பிள்ளைகளுக்கு முன்னாலும் ஒவ்வொரு டம்ளரிலும் ஒரு திரை சாய்ந்திருந்தது. “என்ன சமத்து” என்று அவர்களைத்தான் எல்லோரும் பாராட்டினார்கள்.

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்ற பழமொழியை இந்த விவாதத்தில் யாராவது கட்டாயம் எடுத்து வீசுவார்கள். நானும் அதைத்தான் சொல்கிறேன். ஐந்தில் வளைய வேண்டுமென்றால் ஐந்து வயதில் அந்தப் பிள்ளை உணவகத்தில் இருக்க வேண்டும், ரயிலில் இருக்க வேண்டும், கோயில் வரிசையில் நிற்க வேண்டும். காத்திருப்பதும் குரலைத் தாழ்த்துவதும் வீட்டுச் சோபாவில் கற்கும் பாடங்கள் இல்லை. கிள்ளானில் நானறிந்த ஒரு தாய் இதை நிதானமாகச் செய்கிறார். கூட்டம் சேருமுன், பதினொன்றரைக்கே உணவகத்துக்குப் போய்விடுவார். சுவரோர மேசையைக் கேட்டு வாங்குவார். வழியிலேயே பையனிடம், என்ன சாப்பிடப்போகிறோம், எவ்வளவு நேரம் உட்காரப்போகிறோம் என்று சொல்லிவிடுவார். சாப்பாடு வந்ததுமே பில்லைக் கட்டிவிடுவார். பையனால் முடியவில்லை என்று தெரிந்தால் மிச்சத்தைப் பொட்டலம் கட்டி வாங்கிக்கொண்டு எழுந்துவிடுவார், திட்டாமல். ஆரம்பத்தில் பாதிச் சாப்பாட்டில் எழுந்தவர்கள், இப்போது மோர் குடித்து முடிக்கும்வரை உட்காருகிறார்கள். அந்தப் பாதிச் சாப்பாட்டு நாட்களில் யாராவது அவரை முகம் சுளித்து விரட்டியிருந்தால் இந்தப் பாடம் நடந்திருக்காது.

எல்லாப் பிள்ளைக்கும் இந்த வழி போதாது. ஏறக்குறைய நூறில் ஒரு பிள்ளைக்கு ஆட்டிசம் இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். முகத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. நமக்குக் காதில் விழாத விளக்கின் ரீங்காரமும், கழிவறையில் கை உலர்த்தும் இயந்திரத்தின் இரைச்சலும், கல்யாண மண்டபத்து ஒலிபெருக்கியும் அந்தப் பிள்ளைக்குத் தாங்க முடியாத வலியாகலாம். காதைப் பொத்திக்கொண்டு அலறும் எட்டு வயதுப் பையனைப் பார்த்து, “இவ்வளவு பெரிய பையன்” என்று சொல்கிறவர்கள் யாரிடம் என்ன சொல்கிறோம் என்று அறியாமல் சொல்கிறார்கள். மாற்றுத்திறனாளி அட்டையை எடுத்துக் காட்டி முன்பின் தெரியாதவர்களிடம் விளக்கம் சொல்ல வேண்டிய நிலைக்குப் பெற்றோரைத் தள்ளுவது கொடுமை. மலேசிய தேசிய ஆட்டிசம் சங்கம் 1987-லிருந்து இயங்கிவருகிறது. கோலாலம்பூர் சன்வே புத்ரா மாலில் இத்தகைய பிள்ளைகள் ஆசுவாசமடைய அமைதி அறை வைத்திருக்கிறார்கள். ஒரு பேரங்காடி செய்ய முடிந்ததை, ஆயிரம் பேர் கூடும் நம் கல்யாண மண்டபங்கள் ஏன் செய்யக்கூடாது? மணமகள் அறைக்குப் பக்கத்தில் ஒலிபெருக்கி எட்டாத ஒரு சின்ன அறையும் இரண்டு பாயும் போதும்.

“அப்படியானால் எங்கள் நிம்மதி?” என்று கேட்பவர்களுக்கு நியாயம் இருக்கிறது. களைத்து வந்தவர் அமைதியைத் தேடுவது பிழையில்லை. அதற்கு நாகரிகமான வழியும் இருக்கிறது. மலேசியாவைத் தலைமையிடமாகக் கொண்ட ஏர்ஏசியா எக்ஸ் 2013-இல் தன் விமானங்களில் அமைதிப் பகுதி ஒன்றை ஒதுக்கியது. அப்போது 12 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அங்கே இடம் தரவில்லை. அமைதி வேண்டியவர் அந்த இருக்கையைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம், பிள்ளைகளும் அதே விமானத்தில் பறப்பார்கள். இதில் யாருக்கும் அவமானமில்லை. அதற்குமுன் 2011-இல் மலேசியா ஏர்லைன்ஸ் முதல் வகுப்பில் கைக்குழந்தைகளுக்கு இடமில்லை என்றது உலகெங்கும் விவாதமானது. பணம் படைத்தவர் பகுதியைப் பற்றி எனக்குப் பெரிய அக்கறையில்லை. எனக்குக் கவலை, அந்தச் சலுகையைக் காட்டி ஊரிலுள்ள எல்லா இடத்தையும் அப்படியே ஆக்கச் சொல்பவர்கள். தென்கொரியா அந்தப் பாதையில் வெகுதூரம் போனது. பிள்ளைகளுக்கு அனுமதியில்லை என்ற பலகை அங்கே உணவகங்களிலும் காப்பிக் கடைகளிலும் பரவியது. ஜேஜு தீவில் 13 வயதுக்குட்பட்டவர்களை நுழைய விடாத ஓர் உணவகத்தின் செயல் பாகுபாடு என்று அந்நாட்டு மனித உரிமை ஆணையம் 2017-இல் சொன்னது. சில பெற்றோரின் அலட்சியத்துக்காக எல்லாப் பிள்ளைகளையும் தண்டிப்பது நியாயமில்லை என்பதே அதன் சாரம்.

தைப்பூசத்தன்று பத்துமலைக்குப் போய்ப் பாருங்கள். வேண்டுதல் பலித்துப் பிள்ளை பெற்றவர்கள் கரும்பில் கட்டிய மஞ்சள் தொட்டிலில் குழந்தையைக் கிடத்தி, ஆளுக்கொரு முனையாகத் தோளில் தாங்கி 272 படி ஏறுகிறார்கள். உறுமியும் கூட்ட இரைச்சலும் வெயிலும் சேர்ந்து குழந்தை வீறிட்டு அழும். மொட்டையடிக்கும் இடத்தில் இன்னும் நூறு குழந்தைகள் அழும். யாரும் முகம் சுளிப்பதில்லை. வழிவிடுகிறார்கள், விசிறுகிறார்கள், தண்ணீர் கொடுக்கிறார்கள். ஒரு நாள் முழுக்க லட்சக்கணக்கானோர் நெரிசலில் நமக்கு வருகிற இந்தப் பொறுமை, மறுவாரம் உணவகத்தில் ஐந்து நிமிடத்துக்கு வருவதில்லை.

இன்னொன்றையும் சொல்லாமல் விடமுடியாது. பெற்றோர் பொறுப்பு என்று பொதுவாகப் பேசுகிறோம், ஆனால் நம் கண்கள் தாயை மட்டுமே தேடுகின்றன. பிள்ளை அழுதால் எழுந்து வெளியே போகிறவள் அவள். திரும்பி வரும்போது அவள் இலையில் சோறு ஆறிக் கிடக்கும். தந்தை பாயசத்துக்கு வந்திருப்பார். அவரை யாரும் குறை சொல்வதில்லை. தப்பித்தவறி அவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனால் “எவ்வளவு நல்ல அப்பா” என்று பாராட்டு வேறு. வளர்ப்பு சரியில்லை என்ற குற்றச்சாட்டு நடைமுறையில் தாய்மார்கள்மேல் மட்டுமே விழுகிறது, அதனால்தான் இளம் தாய்மார்கள் பலர் மூன்று நான்கு வருடம் எங்குமே போகாமல் வீட்டுக்குள் முடங்கிவிடுகிறார்கள்.

பெற்றோரிடம் நான் கேட்பவை சில. பிள்ளை ஓடினால் எழுந்து பின்னால் போங்கள், உட்கார்ந்த இடத்திலிருந்து பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருக்காதீர்கள். அழுகை நீண்டால் வாசலுக்குத் தூக்கிப் போங்கள், இந்த முறை அம்மா, அடுத்த முறை அப்பா. சிந்தியதை நீங்களே துடையுங்கள், மேசையைச் சுத்தம் செய்யும் அண்ணனிடமும் அக்காவிடமும் ஒரு வார்த்தை மன்னிப்புச் சொல்லுங்கள், அதைப் பிள்ளையும் கேட்கட்டும். உடைந்தால் விலையைக் கொடுங்கள். முறைப்பவர்களுக்காகப் பிள்ளைமேல் கை வைக்காதீர்கள். அடுத்த ஞாயிறும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.